இடது பக்கத் தூணடி

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டில் கோண்டாவில் ஊர்ப் புகையிலை வியாபாரி பரமலிங்கத்தாருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. மகள் குணலட்சுமியை மலாயா மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அதை அவர் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாகத் தன்னை ஒரு படம் பிடித்து நடுவறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது மற்றது. அதை அவர் பெண்சாதி சின்னாச்சிக்குக்கூடச் சொல்லவில்லை. ஐம்பத்துநாலு வயதாகியும் அந்த மனிதரின் முகம் ஒரு கடதாசியிலும் விழுந்ததில்லை. சவரம் செய்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைக்கும்போதெல்லாம், இந்த முகமும் இதோடு போய்விடுகிறதே என்று அவருக்கு ஒரு சின்ன வருத்தம் வரும்.

ஆவணி மாதத்தில் இரண்டு ஆசையும் ஒரே அடியில் நிறைவேறும்போல ஒரு கடிதம் வந்தது. மாப்பிள்ளை மலாயாவில் ஈப்போ ரயில்வேயில் கிளாக்கர்; அவருடைய தகப்பன் எழுதியிருந்தார். சாதகம் பொருந்திவிட்டது; சாவகச்சேரிப் பக்கத்திலும் ஒரு பெண்ணின் சாதகம் பொருந்தியிருக்கிறது; மகன் தை மாதம் லீவில் வருவதற்கு முன் இரண்டு பெண்களின் படங்களையும் பார்த்து ஒன்றைத் தீர்மானிப்பதாக உத்தேசம். குணலட்சுமிக்கு இருபத்துமூன்று வயது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் சாதகத்திலேயே கவிழ்ந்துபோயின. இந்த மூன்றாவதும் போனால் நாலாவது ஒன்று வரும் என்று சொல்லச் சாத்திரியாரே தயங்கினார்.

கடிதம் பரமலிங்கத்தாரின் பெயருக்கு வரவில்லை. தமையனார் இராசநாயகத்தாரின் பெயருக்குத்தான் வந்தது. இராசநாயகத்தார் மலாயாவில் முப்பது வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு திரும்பியவர். மாப்பிள்ளையின் தகப்பனை அங்கேயே தெரிந்தவர். அதனால் சம்பந்தக் கடிதப்போக்குவரத்து முழுவதையும் அவரே தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் மற்றப் போக்குவரத்துகளும் பெரும்பாலும் அவர் கொடி காட்டினால்தான் அசையும்.

“தனிப்படமோ?” என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். “குமர்ப்பிள்ளையைத் தனிய நிப்பாட்டிப் படமெடுத்துப் பிறத்தி ஆம்பிளையளின்ரை கையிலை குடுக்கிறதோ? குடும்பப் படமாய் எடுப்பம். பிள்ளை அடக்கமாய் ஒரு ஓரத்திலை நிக்கட்டும். பாக்கிறவைக்கு விளங்கும்.”

“அப்ப வீட்டு ஆக்கள் ஆறேழு பேர் நிண்டால் போதும்தானே, அண்ணை,” என்றார் பரமலிங்கத்தார்.

“ஒரு ஆள் குறைஞ்சாலும் கேள்வி வரும், பரமு. ‘இன்னாரைக் காணேல்லை, என்ன கோபம்’ எண்டு கேப்பினம். படத்திலை நிக்காதவன் சம்பந்தத்துக்குச் சம்மதமில்லாதவன். மலாயாச் சனம் படத்தை அப்பிடித்தான் வாசிக்கும்.”

இதில் பிழை சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தில் கோபித்துக்கொண்டவர்கள் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நல்ல நாளில் வராமல் நிற்பார்கள், அவ்வளவுதான். ஆகவே பெரியப்பன், சின்னம்மா, மாமன், மச்சாள் என்று எண்ணி முடித்தபோது இருபத்தேழு பேர் வந்தது. பரமலிங்கத்தாருக்கு உள்ளூரச் சந்தோசம். இவ்வளவு சனமுள்ள வீடு என்று மாப்பிள்ளைப் பகுதி மலைக்கட்டுமே என்று நினைத்தார். யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டும் வந்தார்.

படம் வீட்டுக்குள்ளேதான் எடுக்க வேண்டும் என்பதும் இராசநாயகத்தாரின் கட்டளை. ஒழுங்கையில் போகிறவன் வருகிறவனெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கக்கூடாது. நாற்சார் வீட்டின் கல்தூண்களும் படத்தில் விழ வேண்டும். ஆனால் அந்த நடுமுற்றம் குறுக்கே எட்டுக் காலடி வைத்தால் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதலாவது படக்காரர் கமராவைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போய்ச் சமையல் குசினிச் சுவரில் முதுகு முட்டியதும், பன்னிரண்டு பேருக்குமேல் அடங்காது என்றார். இரண்டாவது ஆள், குசினியை இடித்தால் எடுக்கலாம் என்றார். அவருக்குச் சின்னாச்சி தேத்தண்ணீரும் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவர் குருநகர் நீக்கிலாப்பிள்ளை. வந்ததும் மடியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே சிறுவர் விளையாடும் போளை அளவில் ஒரு கண்ணாடி உருண்டை, பித்தளை வளையத்துக்குள் இருந்தது.

“அகலக் கண், முதலாளி. செர்மன் சாமான். கொழும்பிலை ஊருக்குத் திரும்பின ஒரு செர்மன்காரன்ரை சாமானை ஏலம் விடேக்கை எடுத்தனான். குசினிச் சுவரிலை சாத்தி வைச்சாலும் முத்தம் முழுக்க விழுங்கிப்போடும். இருபத்தேழு என்ன, நாப்பது பேரை நிப்பாட்டுங்கோ.”

“நாப்பது வேண்டாம்,” என்றாள் சின்னாச்சி அவசரமாக. இருபத்தேழு பேருக்கு இடியப்பம் அவிப்பதே அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

குறித்த நாளில் எல்லாரும் வந்தார்கள். நடுக்கதிரை இராசநாயகத்தாருக்கு, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. பக்கத்தில் பரமலிங்கத்தார் புதுக் கோட்டும் தலைப்பாகையும் மணிக்கூட்டுச் சங்கிலியுமாக இருந்தார். குணலட்சுமி அரக்குச் சேலையில், அடக்கமான பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில், பின்வரிசையின் இடது பக்கக் கடைசித் தூணடியில் நின்றாள். அந்த லென்சுக்கு வெளிச்சம் மெள்ளத்தான் போகும். அதுவரை அசையக்கூடாது என்றார் நீக்கிலாப்பிள்ளை. எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லும் நேரம், மாதாவின் செபத்தில்தான் தான் எப்போதும் கணக்கு வைப்பது என்றார்.

இராசநாயகத்தார் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “சைவ வீட்டுக் கலியாணப் படத்துக்கு உங்கடை மந்திரமோ?”

“மனசுக்குள்ளைதான் சொல்லுவன், ஐயா. படத்திலை விழாது.”

கொஞ்ச நேரம் வாதாடி, நமச்சிவாய என்று பத்துத்தரம் சொல்லும் நேரமும் அதே நேரம்தான் என்று பார்த்துத் தீர்மானித்தார்கள். நீக்கிலாப்பிள்ளை மூடியைக் கழற்றி, ஐந்தெழுத்தைப் பத்துத்தரம் எண்ணி, மூடியைப் போட்டார். அப்பழுக்கில்லாத கத்தோலிக்கரான அவர், அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இதையும் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துச் சொன்னாராம்.

நாலு நாளில் படம் வந்தது. இராசநாயகத்தார் பளிச்சென்று கோவில் சிலை மாதிரி நடுவில் இருந்தார். பரமலிங்கத்தாருக்குத் தன் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு இலட்சணமான ஆளா நான் என்று ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்துபோனார். பிறகுதான் விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனார். நடுவிலிருந்து விலக விலக ஆட்கள் மங்கிக்கொண்டே போனார்கள். இரண்டு கரையிலும் அமாவாசை. இடது பக்கத் தூணடியில், உரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு நின்றது. அதற்குச் சேலையும் இல்லை, முகமும் இல்லை.

குணலட்சுமி எட்டிப் பார்த்தாள். “அப்பு, மாப்பிள்ளைக்கு என்ரை நிழலைத்தான் அனுப்பப் போறியளோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பரமலிங்கத்தாருக்கு, சற்றுமுன் தன் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தது வெட்கமாகப் போய்விட்டது.

அன்றே அவர் வண்டில் கட்டிக்கொண்டு குருநகருக்குப் போனார். நீக்கிலாப்பிள்ளை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள் ஒரு செர்மன் கடதாசி இருந்தது, தனக்கு அது வாசிக்கத் தெரியாது என்று தலையைச் சொறிந்தார். பங்குக் கோவிலில் இருந்த பிரெஞ்சுச் சுவாமியாருக்குச் செர்மனும் தெரியும். இருவரும் அவரிடம் போனார்கள். சுவாமியார் கடதாசியை வாசித்துவிட்டு, பெட்டிக்குள் பித்தளையில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்திருக்க வேண்டுமே, எங்கே என்று கேட்டார்.

நீக்கிலாப்பிள்ளை மறுபடியும் தலையைச் சொறிந்தார். “எங்கடை வீட்டுப் பாலன் குடிலிலை, சுவாமி,” என்றார் கடைசியில்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கத்தோலிக்கத் தெருவில் ஒருவனுக்கு ஏலத்தில் ஒரு பித்தளை நட்சத்திரம் கிடைத்தால் அவன் வேறு என்னதான் நினைப்பான்? யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு வருடமாக அது அவர் வீட்டுக் குடிலின் கூரையில் நின்று மூன்று இராசாக்களுக்கும் வழி காட்டியது. சுவாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு விளக்கம் சொன்னார். இப்படி அகலமாகப் பார்க்கிற லென்சில் நடுவுக்கு வெளிச்சம் அள்ளிப் போகும், கரைக்குக் கிள்ளித்தான் போகும். அந்த நட்சத்திரத்தை லென்சுக்கு முன்னால் வைத்து, ரப்பர் பந்தால் காற்றடித்துக் காற்றாடிபோலச் சுழலவிட்டால், அது நடுவை மறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கரைகளும் வயிறாரும். பிறகு அதை விலக்கிவிட வேண்டும்.

“இராசாக்களுக்கு வழி காட்டினது உங்கடை பிள்ளைக்கும் காட்டும், முதலாளி,” என்றார் நீக்கிலாப்பிள்ளை திரும்பும் வழியில்.

இருபத்தேழு பேரையும் மறுபடி ஒரே நாளில் கூட்டப் பத்து நாள் சென்றது. அது வியாழக்கிழமை. பினாங்குக் கப்பல் சனிக்கிழமை கொழும்பை விட்டுப் புறப்படுகிறது. வியாழன் பின்னேரக் கோச்சி ரயிலில் தபால் போகாவிட்டால் அடுத்த கப்பலுக்குள் சாவகச்சேரிப் பெண்ணின் படம் ஈப்போவில் கொலுவிருக்கும். அதனால் நீக்கிலாப்பிள்ளை இரண்டு கண்ணாடிப் பிளேட்டுகளையும், மருந்துப் போத்தல்கள், தட்டங்கள், சிவப்பு லாம்பு எல்லாவற்றையும் கொண்டே வந்துவிட்டார். எடுத்த கையோடு கழுவிப் பார்ப்பதற்காக, யன்னல் இல்லாத புகையிலை அறையை இருட்டறையாக்கினார்.

எல்லாரும் பழையபடி நின்றார்கள். நட்சத்திரம் சோதனையில் மூன்றுதரமும் விர்ரென்று சுழன்றது. மூடியைக் கழற்றி, பந்தை நசுக்கியபோது ஒன்றரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. இரண்டு நத்தார்க் காலத்துக் கடற்காற்று அதன் அச்சில் களிம்பு பிடிக்கவைத்திருந்தது. நீக்கிலாப்பிள்ளை பந்தை நசுக்கு நசுக்கென்று நசுக்கினார். முகம் சிவக்க வாயாலும் ஊதிப் பார்த்தார். இருபத்தேழு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். நமச்சிவாய பத்து முடிந்து பதினேழுக்குப் போய்விட்டது. கடைசியில் நட்சத்திரத்தைக் கையால் தட்டி விலக்கியபோது அது அச்சோடு முறிந்து அம்மிக்கடியில் விழுந்தது.

புகையிலை அறையிலிருந்து பதினைந்து நிமிடம் தும்மல் சத்தம் கேட்டது. பிறகு நீக்கிலாப்பிள்ளை, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, ஈரப் பிளேட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நெகட்டிவ் என்கிற மறுபடமாகையால் அதில் வெளிச்சம் பட்ட முகங்கள் கறுப்பாகவும், படாத இடம் வெறும் கண்ணாடியாகவும் இருக்கும். அதை வானத்துக்கு நேரே பிடித்தார்.

“பிள்ளை விழுந்திருக்கு,” என்றார். “மூக்கு, முழி, மூக்குத்தி எல்லாம் வடிவாய் விழுந்திருக்கு.”

பரமலிங்கத்தார் பார்த்தார். உண்மைதான். தூணடியில் குணலட்சுமி முழுசாக நின்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற நீக்கிலாப்பிள்ளையையா, குலதெய்வத்தையா என்று அவருக்கே தெரியாது.

“நான் எங்கை?” என்றார் இராசநாயகத்தார்.

அவர் இருந்த இடத்தில், ஆறு கூருள்ள ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள்ளால் வேலியோரத்துப் பலாமரம் தெரிந்தது. அதில் ஒரு காகமும் இருந்தது.

இராசநாயகத்தாருக்கு அது அறுபதாம் வயது. அந்த வருடம் கண்டம் இருக்கிறது என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். “இருபத்தாறு பேரும் இருக்கினம். நான் மட்டும் ஓட்டை,” என்று மெல்லச் சொன்னார். அந்தக் குரலில் ஸ்டேசன் மாஸ்டர் இல்லை. “என்ரை முகத்துக்குள்ளாலை காகம் தெரியுது, பரமு.”

நட்சத்திரம் சுழலாத குற்றம் என்று நீக்கிலாப்பிள்ளை எவ்வளவோ சொன்னார். பிள்ளையின் முகம் இதில்தானே விழுந்திருக்கிறது, இதையே அனுப்புவோம் என்று பரமலிங்கத்தாரும் கெஞ்சினார். ஆனால் இராசநாயகத்தாரின் பெண்சாதி ஏற்கெனவே அழத் தொடங்கிவிட்டாள். இப்படியொன்றை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, கடல் தாண்டவிடவும் கூடாது, கழித்துவிட வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஒரு நீற்றுப்பூசணிக்காயை எடுத்து, இராசநாயகத்தாரின் தலையை மூன்றுதரம் சுற்றி, ஒழுங்கை முச்சந்தியில் காயையும் பிளேட்டையும் ஒன்றாகப் போட்டு உடைத்தார்கள். பூசணிக்காய்க்குள் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பரமலிங்கத்தார் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் எது தன் மகளின் முகம் என்று தெரியவில்லை.

மிஞ்சியது ஒரு பிளேட். நட்சத்திரமும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

இப்போதுதான் உண்மையான கூத்துத் தொடங்கியது. கரையில் நின்றால் இருட்டாகிவிடும் என்பது இருபத்தேழு பேருக்கும் தெரிந்துவிட்டது. நட்சத்திரம் முறிந்துபோனாலும், நடுவில் இருந்தால் ஓட்டையாகிவிடும் என்ற பயம் போகவில்லை. நீக்கிலாப்பிள்ளை நிற்கச் சொன்னதும், வரிசை முழுவதும் நடுவுக்கும் கரைக்கும் இடையில் இரண்டு கும்பலாகக் குவிந்தது. வெறும் நடுக்கதிரை முற்றத்தில் தனியே கிடந்தது. இராசநாயகத்தார் கதிரைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல், மூன்றாம் ஆளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

“நடுவிலை ஆரும் இல்லாட்டில் அது என்ன குடும்பப் படம்?” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

“நான் இருக்கிறன்,” என்றாள் குணலட்சுமி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளென்றால் அதற்கு ஆயிரம் சொல் வந்திருக்கும். குமர்ப்பிள்ளை நடுக்கதிரையில் இருப்பதாவது. ஆனால் மறுத்துச் சொல்கிற ஆள்தான் போய் இருக்க வேண்டிவரும். குணலட்சுமி போய்ச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து இருந்தாள். பக்கத்தில் சின்னாச்சி பொட்டும் பூவுமாக வந்து நின்றுகொண்டாள்.

வலது கரைக்கு ஆள் சுலபமாக அகப்பட்டது. சின்னாச்சியின் தம்பி இளையதம்பிக்கு மூன்று நாளாகப் பல்லுக்குத்து. ஒரு கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. இருட்டு என்றதும் அவர் லேஞ்சித் துணியால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு தானாகவே போய் நின்றார். இடது கரைத் தூணடிதான் மிச்சம். இருபத்தைந்து பேரை எப்படி நெருக்கி அடுக்கினாலும் அந்த ஓர் இடத்தில் ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும். நிற்கச் சொன்னால் மூத்தவர்கள் கோபிப்பார்கள்; வெளியே நில் என்றால் ஏழேழு பிறப்புக்கும் கோபிப்பார்கள். பரமலிங்கத்தார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் கூரையைப் பார்த்தது.

அவர் குணலட்சுமிக்குப் பக்கத்தில் தனக்கென்று போட்டிருந்த கதிரையைப் பார்த்தார். முதல் படத்தில் பார்த்த தன் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தைச் சின்னாச்சி, பிள்ளை நிழலாய் விழுந்த படம் வீட்டுக்காகாது என்று அடுப்பில் போட்டுவிட்டாள். பிறகு அவர் போய், தமையனாரின் தோளைத் தொட்டு அந்தக் கதிரையில் இருத்திவிட்டு, இடது பக்கத் தூணடிக்கு நடந்தார்.

“அப்பு, நீங்கள் ஏன் அங்கை?” என்று குணலட்சுமி எழும்பப் பார்த்தாள்.

“இரு பிள்ளை. எனக்குக் கோட்டோடை புழுங்குது. இஞ்சை நல்ல நிழல்.”

விழாது என்று தெரிந்தும் அவர் தலைப்பாகையை நேராக்கினார். மணிக்கூட்டுச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டார். சின்னாச்சி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீக்கிலாப்பிள்ளை அவரிடம் வந்து காதுக்குள் சொன்னார்: “முதலாளி, இண்டைக்கு நீங்கள்தான் எண்ண வேணும். முந்தின படத்துக்கு என்ரை கணக்குப் பதினேழுக்குப் போட்டுது. உந்த மூலையிலை வாயசைச்சாலும் ஒண்டும் விழாது.”

அப்படியே பரமலிங்கத்தார் எண்ணினார். முற்றம் முழுக்க அசைவில்லாமல் நின்றது. அவருடைய குரல் மட்டும் நமச்சிவாய, நமச்சிவாய என்று பத்துத்தரம் நிதானமாகக் கேட்டது. மகளின் படத்தில் அவருடைய பங்கு அதுதான் என்று அவர் நினைத்தார். அது போதும் என்றும் நினைக்க முயன்றார். முழுதாக முடியவில்லை.

பிளேட் நன்றாக விழுந்தது. குருநகரில் வெயிலில் வைத்து அச்சடித்த இரண்டு படங்களும் மூன்று மணிக்குள் வந்துவிட்டன. குணலட்சுமி நடுவில், கண்ணும் மூக்குத்தியும் துலங்க, ஒரு சின்னச் சிரிப்போடு இருந்தாள். இராசநாயகத்தார் தனக்கு ஓட்டை ஒன்றும் இல்லை என்று கையால் தடவிப் பார்த்தபின், பழைய கம்பீரத்தோடு பேனையை எடுத்து, கண்ணுக்குத் தெரிந்த ஆட்களின் பெயர் முறையெல்லாவற்றையும் இடமிருந்து வலமாகப் படத்தின் பின்பக்கத்தில் எழுதி உறையில் போட்டார். ஒரு படம் கோச்சியில் போனது. மற்றது நடுவறைச் சுவருக்குப் போனது.

ஐப்பசி மழையோடு ஈப்போக் கடிதம் வந்தது. இராசநாயகத்தார் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து வாசித்தார். படம் கிடைத்தது. பெண்ணை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, முக்கியமாக மகனுக்கு. சாவகச்சேரிப் பெண்ணின் தமையன்மார் நால்வரும் வேட்டைத் துவக்கோடு படத்தில் நிற்பதால் மகன் அந்தப் படத்தை இரண்டாம்தரம் பார்க்கவில்லை. இந்த இடத்தில் சின்னாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இராசநாயகத்தார் கடதாசியை மறுபக்கம் திருப்பினார். திருப்பியதும் குரல் இறங்கிப்போனது.

“‘ஆனால் ஒரு விசயத்தில் எங்களுக்கு மனக்கிலேசமாயிருக்கிறது. பெண்ணின் தாயார் மங்கலமாகப் பொட்டோடு நிற்கிறா. ஆகவே தகப்பனார் இருக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் அவரைப் படத்திலும் காணவில்லை, பின்னால் எழுதிய பெயர்களிலும் காணவில்லை. பெண்ணின் தாய்மாமனையும் காணவில்லை. இவ்வளவு சனம் கூடிநின்ற இடத்துக்கு இந்த இருவரும் வராததிலிருந்து, இந்தச் சம்பந்தத்தில் அவர்களுக்குச் சம்மதமில்லை என்று நினைக்கிறோம். பெற்ற தகப்பனின் மனத்தை நோகப்பண்ணி நாங்கள் பெண் எடுக்க விரும்பவில்லை. அவருடைய கைப்படவே ஒரு வார்த்தை வந்தாலன்றி மேற்கொண்டு நடக்க மாட்டோம்.’”

வாசித்து முடித்த இராசநாயகத்தார் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு நீ தெரியேல்லை, பரமு,” என்றார். “உண்மையாய்த் தெரியேல்லை. தெரிஞ்ச ஆக்களைத்தான் எழுதினனான்.”

குணலட்சுமி நடுவறைக்குப் போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முற்றத்து வெளிச்சத்தில் அதைச் சாய்த்தும் சரித்தும் பிடித்தாள். “நிக்கிறியள், அப்பு,” என்றாள். “மணிக்கூட்டுச் சங்கிலி தெரியுது. இஞ்சை பாருங்கோ, சின்னதாய் ஒரு மினுக்கம்.” அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். பரமலிங்கத்தார் குனிந்து பார்த்தார். தூணடி இருட்டுக்குள் எள்ளளவில் ஒரு வெள்ளை தெரிந்தது. அவருக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு இரண்டும் ஒன்றாக வந்தன.

இராசநாயகத்தார் முதல்முறையாகப் பேனையைத் தம்பியின் பக்கம் நீட்டினார். குணலட்சுமி மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள். புகையிலைக்கட்டில் இலக்கம் போடுவதற்கு மேல் எழுத்துவேலை செய்து பழகாத பரமலிங்கத்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்:

‘கனம் பொருந்திய சம்பந்தியாருக்கு. பெண்ணின் தகப்பன் நல்ல சுகம். படத்தில் இடது பக்கத் தூணடியில் இருட்டாயிருப்பது நான்தான். வலது பக்கத்து இருட்டு பெண்ணின் தாய்மாமன், அவருக்கு அன்று பல்லுக்குத்து. இரண்டு இருட்டுக்கும் முழுச் சம்மதம்.’